அம்மம்மாவின் மணிக்கூடு

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாதாவின் மாதம் என்று மாலைச் செபமாலைக்கு வந்துவிட்டு, அப்படியே எழும்பி வீட்டுக்குப் போகாமல் நாங்கள் அடிபடுவதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிற கொட்டாஞ்சேனைச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாதியர் தினத்தை ஒட்டி நடக்கிற இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு, "ஒரு தாதியை நிமிர்த்தி வைத்திருப்பது தொண்டுள்ளமா, தொழில் திறமையா?" தொழில் திறமைதான் என்று சொல்லும் அணியில் நான் பேசுகிறேன். தொண்டுள்ளம்தான் என்று எனக்குச் சற்று முன்னால் பேசிவிட்டுப் போனவர் வேறு யாரும் இல்லை, என் கூடப்பிறந்த அக்கா. அவர் முன்வைத்த சாட்சி எங்கள் அம்மம்மா. என்னுடைய சாட்சியும் அதே அம்மம்மாதான். சாட்சி மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கையில் செபமாலையோடு இருக்கிறார். ஆகவே நடுவர் அவர்களே, எங்கள் இருவரில் யார் பொய் சொன்னாலும் அவருக்கு இன்று இரவுச் சாப்பாடு கிடையாது.

அம்மம்மா 1941இல் மன்னாரில் பிறந்தவர். 1961இல் தலைமன்னார் ரயிலில் ஒரு தகரப் பெட்டியோடு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கினார். மூன்று வருடம் தாதிப் பயிற்சி. பிறகு அறுபது வயதில் ஓய்வு பெறும்வரை கொழும்பிலேயே வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். பின்னால் ஒரு கோபத்தைச் சொல்லப்போகிறேன், அதற்கு ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை இழுப்பது அம்மம்மாவுக்குப் பிடிக்காது.

அக்கா என்ன சொன்னார்? அம்மம்மா செபமாலை இல்லாமல் வார்டுக்குள் கால் வைத்ததில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரத்திலும் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடவில்லை. நைட்டிங்கேல் அம்மையார், அன்னை தெரேசா, நல்ல சமாரியன் எல்லோரும் இந்த வழிதான். "இதெல்லாம் சம்பளத்துக்காகவா?" என்று கேட்டுவிட்டு, நிறையக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போகவேண்டும் அல்லவா?

சரி, செபமாலையிலிருந்தே தொடங்குவோம். அக்கா சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. அம்மம்மாவின் வெள்ளைச் சீருடையில் இடது பக்கப் பையில் செபமாலை இருந்தது. வலது பக்கப் பையில் கத்தரிக்கோல், பேனா, ஒரு சின்னக் கொப்பி. நெஞ்சில் ஊசி குத்தி மாட்டிய மணிக்கூடு. அந்த மணிக்கூடு பார்ப்பவர்களுக்குத் தலைகீழாகத் தொங்கும். அம்மம்மா குனிந்தால் அவருக்கு மட்டும் நேராகத் தெரியும். ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அசைக்காமல் விநாடி முள்ளைப் பார்ப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அதைக் கழற்றி வைத்து விளையாடினேன். அப்போது கேட்டேன், அம்மம்மா, செபமாலையா, மணிக்கூடா, எது முக்கியம் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "செபமாலை எனக்கு. மணிக்கூடு நோயாளிக்கு" என்றார்.

நான் இப்போதே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் நடுவர் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் தந்திருக்கிறார், விடுவேனா?

அம்மம்மா மருந்து கொடுக்கும் முன் ஐந்து விஷயம் பார்ப்பார். சரியான ஆள்தானா, சரியான மருந்துதானா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா. வழி என்றால் குடிக்கக் கொடுப்பதா, தசையில் ஊசியா, நரம்பில் ஏற்றுவதா என்பது. இது உலகத் தாதியர் எல்லோருக்கும் படிப்பிக்கிற பாடம். அம்மம்மா அதை விரல்களில் எண்ணுவார், செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களை, பத்துப் பத்து மணியாகச் சொல்கிற அந்த ஐந்து பகுதிகளை, எண்ணுவதைப் போல. அக்கா இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, அங்கேயும் பக்திதான்" என்றார். அக்கா, விரல் ஒன்றுதான், எண்ணியது வேறு. ஐந்து இரகசியத்தில் ஒன்றை மறந்தால் மாதா மன்னிப்பாள். ஐந்து சரியில் ஒன்றை மறந்தால் பக்கத்துக் கட்டில்காரருடைய இன்சுலின் இந்தக் கட்டில்காரருக்குப் போகும்.

கை கழுவுவதையும் அவர் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சவர்க்காரம் போட்டு இரண்டு "அருள் நிறைந்த மரியே" சொல்லி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, நகம், பெருவிரலின் அடி, மணிக்கட்டு. வேகமாகச் சொல்லி ஏமாற்றினால் மூன்றாவது ஒன்று தண்டனை. கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் இருபது விநாடி கழுவுங்கள், இருபது விநாடி கழுவுங்கள் என்று சொன்னபோதுதான் அந்த இரண்டு செபத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு ஒன்றிரண்டு விநாடி கூடவே இருந்தது. மாதாவையே மணிக்கூடாக்கி வைத்திருக்கிறார் இந்த மனுசி! இதைப் பக்தி என்று எதிரணி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது ஒரு சம்பவம். அம்மப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பதினொரு மாதம் படுக்கை. அப்போது அம்மம்மா ஓய்வு பெற்று இரண்டு வருடம், எனக்குப் பதினான்கு வயது. முன் அறையில் கட்டில். சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அம்மம்மா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அட்டவணை ஒட்டியிருந்தார். இடது, மல்லாக்க, வலது, மல்லாக்க. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், திருப்பியவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. என் பங்கு இரவு பத்து மணியும் விடிய ஆறு மணியும். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் திருப்ப வேண்டும்; இழுத்தால் தோல் உரியும் என்பார். திருப்பிய பிறகு அவர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குதிகால், இடுப்பு எலும்பு, முள்ளந்தண்டின் அடி, முழங்கை, பின் தலை என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார். சிவந்திருந்தால் விரலால் ஒரு அழுத்து. அழுத்தி எடுத்ததும் வெள்ளையாகித் திரும்பச் சிவந்தால் தப்பித்தோம், வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே சதை சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது பதினான்கு வயதில் தெரியும். அல்ஜீப்ரா தெரியாது.

ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் ஒழுங்கையிலுள்ள செபக்குழு அம்மப்பாவுக்காகச் செபமாலை சொல்ல வந்தது. பதினைந்து இருபது பேர், வாசல்வரை செருப்பு. மூன்றாவது தேவ இரகசியம் நடக்கிறது. நாலு மணி. அம்மம்மா முழங்காலில் இருந்து எழும்பினார். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ பிள்ளைகள், ஆளைத் திருப்ப வேணும்" என்றார். செபத்தை நடத்திய அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ரெண்டு பத்துத்தானே அக்கா இருக்கு, முடிச்சிட்டுத் திருப்பலாமே" என்றார். அம்மம்மா என்ன சொன்னார் என்று அக்காவுக்கும் தெரியும், ஆனால் இன்று மேடையில் சொல்லவில்லை. "மாதா காத்திருப்பா. முதுகு காத்திராது." அவ்வளவுதான். திருப்பினோம், நான் கையெழுத்துப் போட்டேன், பிறகு நாலாவது இரகசியம் தொடங்கியது.

பதினொரு மாதம் கழித்து அம்மப்பா போனபோது உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. மரணத்தை உறுதிப்படுத்த வந்த டொக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, யார் பராமரித்தது என்று கேட்டார். அம்மம்மா சுவரிலிருந்த தாளைக் காட்டினார். மேலே இருந்த படத்தைக் காட்டியிருக்கலாம். தாளைத்தான் காட்டினார். அந்தப் பதினொரு மாதத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை. தாளைச் சுவரிலிருந்து கழற்றும்போது அழுதார்.

இனி அக்காவின் பெரிய ஆட்களிடம் வருகிறேன். முதலில் நல்ல சமாரியன். கள்வர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஒரு குருவும் ஒரு லேவியரும் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள், சமாரியன் நின்றான். அக்கா இங்கே நிறுத்திவிட்டார். எல்லோரும் இங்கேதான் நிறுத்துவார்கள். நடுவர் அவர்களே, லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தை இன்னும் இரண்டு வசனம் வாசித்தால் என்ன வருகிறது? சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுகிறான். மது காயத்தைக் கழுவும், எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும். அந்தக் காலத்து மருத்துவம் அது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு சாவடிக்குக் கொண்டுபோய் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறான். மறுநாள் போகும்போது சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, இவனைக் கவனித்துக்கொள், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அதை மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில் பார்க்கலாம். ஆக, சமாரியன் போய்விட்டான். இரவில் எழும்பித் தண்ணீர் கொடுத்தது யார்? கட்டு மாற்றியது யார்? சட்டி எடுத்து ஊற்றியது யார்? பெயர்கூட இல்லாத அந்தச் சாவடிக்காரன். அவன் சம்பளத்துக்கு வேலை செய்தான். ஆண்டவர் அவனைக் குறை சொல்லவே இல்லை. அதே பத்தாம் அதிகாரத்தில், உவமைக்கு முன்னாலேயே, வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்த லூக்கா ஒரு வைத்தியர் என்பது மரபு. வைத்தியருக்குத் தாதியின் அருமை தெரிந்திருக்கிறது.

வேதத்தில் இருந்து வள்ளுவரிடம் ஒரு நிமிடம். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், 950ஆவது குறள், மருத்துவத்துக்கு நாலு கூறு சொல்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். நம்முடைய தாதி! இந்த ஆளை வள்ளுவர் எங்கே வைத்தார்? அருளுடைமை அறத்துப்பாலில் இருக்கிறது, தொண்டு என்றால் அங்கே வைத்திருப்பார். அவர் வைத்தது பொருட்பாலில். தமிழ்ப் பண்டிதர்கள் யாராவது இருந்தால் இந்த வாதத்தை நாளைக்குத் திருத்துங்கள், இன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடு கொண்டுவந்து நிறுத்தினார் அக்கா. விளக்கு சரி. கடவுள் தன்னை அழைத்தார் என்று அந்த அம்மையார் பதினாறு வயதில், 1837இல், எழுதி வைத்திருக்கிறார். அழைப்புக் கிடைத்ததே என்று உடனே வார்டுக்குள் புகுந்துவிட்டாரா? 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 1854இல் கிரைமியப் போருக்கு 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் என்பதை எதிரணிக்கு நான் சும்மாவே தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் விளக்கைவிட அதிகம் பிடித்தது பேனாவை. செத்தவர்களை எண்ணினார். காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்த படைவீரர்கள் எத்தனையோ மடங்கு கூட என்று 1858இல் படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். அந்த வருடமே இங்கிலாந்தின் புள்ளிவிபரச் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1860இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கியது பயிற்சிப் பள்ளி. செபக்குழு தொடங்கவில்லை.

அவர் பெயரால் தாதியர் விளக்கேற்றும்போது சொல்கிற உறுதிமொழி ஒன்று இருக்கிறது. அதை எழுதியது அவர் இல்லை, 1893இல் அமெரிக்காவில் டெட்ரோய்ட் நகரத்தில் எழுதினார்கள். அதில் கடவுள் முன்னிலையில் என்று ஒரு தடவை வருகிறது. என் தொழில் என்று ஒரு தடவைக்கு மேல் வருகிறது. நான் எண்ணினேன்.

அன்னை தெரேசா. அக்காவின் குரல் தழுதழுத்த இடம் இது. 1948இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் நேரே கல்கத்தாச் சேரிக்குப் போகவில்லை, பட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் நடத்திய திருக்குடும்ப ஆஸ்பத்திரியில் சில மாதம் ஊசி போட, காயம் கட்ட, பிரசவத்தில் உதவ என்று பழகினார். தன் சபைச் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் சாப்பிட்டுச் சேவை செய்வார்கள் என்று அவர் சொன்னாராம். அங்கிருந்த மருத்துவச் சகோதரிகள், அப்படியானால் அவர்களுக்கும் காசநோய் வரும், பிறகு யார் யாரைப் பார்ப்பது என்று மறுத்திருக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பட்னாச் சகோதரிகளின் சபையைத் தொடங்கியவர் அன்னா டெங்கல் என்ற பெண் டொக்டர். துறவறச் சகோதரிகள் மருத்துவமும் பிரசவமும் பார்ப்பதற்கு 1936 வரை திருச்சபைச் சட்டமே தடையாக இருந்தது. அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நீக்கியபோது உரோமை சொன்னது, சகோதரிகள் முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுக்கட்டும் என்பது. நல்ல மனம் மட்டும் போதும் என்று உரோமையே சொல்லவில்லை, அக்கா ஏன் சொல்கிறார்?

உண்மையில் என்னை மடக்கக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். எதிரணிக்கு அவர் ஞாபகம் வரவில்லை. புனித கமில்லஸ், நோயாளிகளுக்கும் தாதியருக்கும் பாதுகாவலர். சூதாட்டக்காரப் படைவீரனாக இருந்து மனம் திரும்பியவர். உரோமை ஆஸ்பத்திரிகளில் கூலிக்கு நின்றவர்கள் நோயாளிகளைக் கவனிக்காமல் விட்டதைப் பார்த்து மனம் நொந்து, அன்பினால் சேவை செய்கிற ஆட்களைச் சேர்த்தவர். இதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். ஆனால் அவரும் ஆட்களைச் சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று விதிகள் எழுதி வைத்தார். சரி, போகட்டும்.

இப்போது 1983. இதைப் பேசும்போது நான் பகிடி விடமாட்டேன். யூலை மாதம் 25ஆம் திகதி, திங்கட்கிழமை. அம்மம்மா காலை டியூட்டிக்குப் போயிருந்தார். வெளியே கொழும்பு எரிகிறது. மூன்று இரவு அவர் வார்டை விட்டு வெளியே வரவில்லை. கூட வேலை செய்த சிங்களத் தாதியர் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார்கள், துணி வைக்கும் அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள், வாசலில் ஆள் நிறுத்தினார்கள். அக்கா இதை விசுவாசத்தின் வெற்றி என்று சொன்னார். நான் அம்மம்மாவிடம் பல தடவை கேட்டிருக்கிறேன், எப்படி நின்றீர்கள் என்று. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "என்ர பேர் ரோஸ்டரில இருந்தது. மாற்ற ஆள் வரேல்லை." அதற்குமேல் ஒரு சொல் வராது. அக்கா இதைத் தாழ்மை என்கிறார். இருக்கலாம். எனக்கு என்னவோ அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று படுகிறது. அந்த மூன்று நாளும் வெட்டுக் காயத்தோடும் எரிகாயத்தோடும் வந்தவர்களுக்கு அவர் சேலைன் போட்டார், கட்டுக் கட்டினார், கொப்பியில் நேரம் எழுதினார். வந்தவர்களில் பாதிப்பேர் பயத்தில் தமிழில் வாய் திறக்கவே இல்லையாம். அம்மம்மா காதருகே குனிந்து மெல்லமாக "எங்க நோகுது" என்று கேட்ட பிறகுதான் கண்ணீர் விட்டார்களாம்.

அந்தக் கேள்வியை அவர் இரண்டு மொழியிலும் கேட்பார். "கொஹேத ரிதென்னே?" மன்னாரிலிருந்து வந்தபோது ஒரு சொல் சிங்களம் தெரியாது. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச வேலையில் இருப்பவர்கள் சிங்களம் படித்தாக வேண்டிய காலம். தன்மேல் திணிக்கப்பட்ட மொழி என்ற கசப்பு அவருக்கும் இருந்தது. ஆனால் இரவு டியூட்டியில் கொப்பியில் எழுதி எழுதிப் படித்தார்: எரிகிறதா, குத்துகிறதா, விறைக்கிறதா, மூச்சு வாங்குகிறதா. வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று அவருடைய கொப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மலையகத்திலிருந்து வந்த தாய்மாருக்கும் சிங்கள டொக்டருக்கும் நடுவில் நாற்பது வருடம் மொழிபெயர்த்தார். அதற்கு ஒரு சதம் கூடுதல் கொடுப்பனவு இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் என் கோபம் வருகிறது. என் அம்மா சின்னப் பிள்ளையாக முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கிய நாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. மூன்று மாதத்துக்கு முன்பே அம்மம்மா லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். முதல் நாள் இரவு லீவு இல்லை என்று சொன்னார்கள். "நீங்கள் பக்தியான ஆள், இது தொண்டு அல்லவா, ஆண்டவருக்கு விளங்கும்" என்று ஒரு மேலதிகாரி சொன்னாராம். அம்மா வெள்ளைச் சட்டையோடும் முக்காட்டோடும் பக்கத்து வீட்டு அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மம்மா இல்லாத படம். தொண்டு என்ற சொல்லை ஒரு தாதிக்கு எதிராக எப்படிப் பாவிக்கலாம் என்பதை நான் அந்தப் படத்தில் இருந்துதான் படித்தேன். ஓவர்டைம் காசு பிந்தினாலும் தொண்டு. ஒரு வார்டில் நாலு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் நின்றாலும் தொண்டு. 2022இல் மருந்தும் இல்லை, பெற்றோலும் இல்லை, நடந்து வந்து டியூட்டி பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால், தேவதைகள் காசு கேட்கலாமா என்று கேட்கிறோம். அந்தப் பிள்ளைகள் விமானம் ஏறினால், இங்கே யார் பார்ப்பது என்று அழுகிறோம்.

தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே சுற்றுமடல் எழுதினார். அதில் தாதியருக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுதியிருந்தால் பாதர் எனக்குக் காட்டட்டும். பாதர் சிரிக்கிறார்.

அம்மம்மாவுக்குப் பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கூரை இடிந்து விழும். காலையில் ஐந்து மணிக்கு அவர் செபம் சொல்கிற சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். நான் சொல்வது வேறு. செய்யவேண்டிய வேலைக்குப் பதிலாகச் செபத்தை அவர் ஒருநாளும் வைத்ததில்லை. ஒழுங்கையில் உள்ளவர்கள், "அக்கா, இந்த ஊசியை ஒருக்காப் போட்டுவிடுங்கோ, புண்ணியமாப் போகும்" என்று வருவார்கள். டொக்டரின் சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். இல்லையென்றால் பிளேன்டீ கிடைக்கும், ஊசி கிடைக்காது. பெரிய மாமி ஒருவர் இதற்காக ஐந்து வருடம் எங்களோடு கதைக்கவில்லை. அன்பு மிகுந்தவர்கள் செய்கிற கூத்தையும் அவர் கண்டவர். காலையில் ஒப்பரேஷன், வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்ட கட்டிலில், பாவம் பிள்ளை பசியோடு கிடக்கிறது என்று விடியப்புறம் பாணும் பருப்பும் ஊட்டிவிட்ட தாயைப் பற்றிச் சொல்வார். அந்தத் தாயின் அன்பில் என்ன குறை?

2019, உயிர்த்த ஞாயிறு. அம்மம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு நடந்தது. முதல் நாள் இரவுத் திருவிழிப்புக்குப் புனித லூசியா பேராலயத்துக்குப் போய்வந்த களைப்பில் காலையில் வீட்டில் இருந்தார். கொச்சிக்கடைப் பக்கம் குண்டு வெடித்த அந்தச் சத்தம் கேட்டது. செவ்வாய்தோறும் அவர் மெழுகுதிரி கொளுத்துகிற கோவில். நான் "யேசுவே" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். பின்னால் இருந்து குரல்: "சப்பாத்தைப் போடு. கண்ணாடி கிடக்கும்." திரும்பிப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து தோய்த்து மடித்த வெள்ளைத் துப்பட்டிகளை எடுத்து என் கையில் அடுக்கினார். "கழுத்தில அடிபட்ட ஆளை இழுக்காதை. இரத்தம் வாற இடத்தை அமத்திப் பிடி, எடுத்து எடுத்துப் பார்க்காதை. அம்புலன்சுக்கு வழி விடச் சொல்லு." கை நடுங்கவில்லை. நான் போனேன். அங்கே கண்டதை இங்கே சொல்ல மாட்டேன். உங்களில் பலபேர் கண்டீர்கள். ஒரு மனிதருடைய தொடையில் துப்பட்டியை மடித்து வைத்து, அவரை ஏற்றும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. எடுக்கவில்லை. அவர் பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மம்மா முழங்காலில் இருந்தார். எத்தனையாவது செபமாலையோ. என்னைக் கண்டதும் எழும்பி, கேட்ட முதல் கேள்வி, "கை கழுவினியா?" நான் குழாயடியில் நின்று இரண்டு "அருள் நிறைந்த மரியே" சொன்னேன். அன்றைக்கு மூன்றாவதும் சொன்னேன், யாரும் தண்டிக்காமலே.

நடுவர் அவர்களே, நீங்கள் மணியை அடிக்கக் கையைக் கொண்டுபோவது தெரிகிறது. ஆனால் உங்களுக்கு முன்னாலேயே மூன்றாவது வரிசையில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கை காட்டுகிறார். எட்டு மணி. அவருடைய பிரஷர் குளிசை அக்காவின் கைப்பையில் இருக்கிறது. அக்காவோ தீர்ப்பைக் கேட்கும் ஆர்வத்தில் இருக்கிறார். அக்கா, பையை இங்கே தாங்கோ. சாப்பிட்ட பிறகா, முன்னா? முன்னுக்கு. சரி. நன்றி, வணக்கம்.